வெறுங்கைச் சோதனை

மூன்று நிமிஷம்தான். கொசுக் கூண்டின் வாயில் தைத்த துணிக்குழாய்க்குள் வலது கையை முழங்கை வரை விட்டாயிற்று. விரல்களுக்கும் புறங்கைக்கும் தடித்த ரப்பர் உறை, அதற்கு மேலே மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எட்டரை மணிக்குப் பூசிய, கொசு விரட்டும் நொச்சி எண்ணெய். "ஸ்டார்ட் பண்ணிட்டேன் புஷ்பாக்கா" என்று டாக்டர் வினோதினி ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். உள்ளே இருநூறு பெண் கொசுக்கள், நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சுகூடக் காட்டாமல் பட்டினி போட்டவை. வெளியே காலை பதினொரு மணி வெயில் கடற்கரை மணலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இந்த அறைக்குள் மட்டும் அந்தி. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்தால்தான் கடிக்கும் என்பதால் விளக்குகளை மாற்றிப் போட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரே ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டு, இதுதான் பொழுது சாயும் நேரம் என்று கொசுவை நம்பவைத்திருந்தார்கள். கொசுவை ஏமாற்றுவது அவளுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை. மனுஷரை ஏமாற்றியது அவளாகச் செய்தது. அப்படித் தோன்றியதுமே புஷ்பலதாவுக்கு முகம் சுட்டது, சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது என்ற தைரியத்தில் அப்படியே நின்றாள். பத்தொன்பது வருஷமாக இந்தக் கொசு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன், அதுவும் தற்காலிகம். ஆனால் கைக்கு மட்டும் நிரந்தரமான பேர். மற்றவர்கள் கை விட்டால் யோசிக்கிற கொசு அவள் கை என்றால் யோசிக்காது, "புஷ்பாக்கா கையில தாங்குச்சுன்னா ஊர்ல யார் கையிலயும் தாங்கும்" என்று சொல்லிச் சொல்லியே அவளை இந்த வேலையில் உட்கார்த்திவைத்தார்கள். அந்தக் கைதான் இப்போது உள்ளே இருக்கிறது. பூசி இரண்டரை மணி நேரம் ஆகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்து உட்காரும், உட்கார்ந்தால் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் இரண்டு பெண்களும் கலப்படக்காரிகள் ஆகிவிடுவார்கள். அவர்கள் அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கைக்குச் சொந்தக்காரி.

காலையிலேயே சொல்லியிருக்கலாம். எட்டு மணிக்கு, கடிதம் டைப் அடிப்பதற்கு முன்னால், எவ்வளவு சுலபமான நேரம் அது. மிக்கேலம்மாவும் அவள் மருமகள் ஜெனோவாவும் சங்குமுனைக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். பெண்கள் குழு என்று பேர், ஆனால் தழை பறிப்பதும் எண்ணெய் வடிப்பதும் பாட்டிலில் அடைப்பதும் இந்த இரண்டு பேர் வீட்டில்தான். வினோதினி கோபக்காரி அல்ல, நல்ல பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, அதனால்தான் அவள் அமைதியாகக் கேட்டது இன்னும் மோசமாக இருந்தது. "போன ஆனி மாசம் டெஸ்ட்ல ஆறு மணி நேரம் நின்ன எண்ணெய்ம்மா இது. கடைக் கிரீமுக்குச் சரிக்குச் சரி. இப்ப எல்லா எடத்துலயும் கடிக்குதுன்னு சொல்றாங்கன்னா நான் என்ன நினைக்கிறது?" மிக்கேலம்மா எழுந்தே விட்டாள். "மாதா மேல ஆணையா ஒரு சொட்டு வேற எண்ணெய் கலக்கலைம்மா. இந்தா நிக்கிறாளே புஷ்பா, அவகிட்டக் கேளுங்க. எங்க அடுப்படி வரைக்கும் வந்து பாத்தவ." எல்லோரும் புஷ்பலதாவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொன்னாள்? "டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம் மேடம்" என்றாள். அதைச் சொன்ன வாயை இப்போது கூண்டுக்குள் விட்டால் தேவலை. டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோமாம். பார்க்காமலே தெரிந்தவள் சொன்ன வார்த்தை. ஆறு மணி நேரம் நின்றால் எண்ணெய் பதினோரு குப்பங்களுக்கும் தொடர்ந்து போகும், நிற்காவிட்டால் குழுவின் அனுமதியை ரத்துசெய்யும் கடிதம் மேஜை மேல் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. இடது கையில் கடைக் கிரீம் பூசியிருக்கிறாள், அதற்கு வேறு கூண்டு. அதைப் பற்றிக் கவலையில்லை. மருந்து நாற்றம் அடிக்கும், பிளாஸ்டிக் வளையலைப் பிசுபிசுக்க வைக்கும், ஆனால் ஆறு மணி நேரம் சொன்ன சொல் தவறாமல் நிற்கும். நொச்சி அப்படி இல்லை. நொச்சி நல்லதுதான், அதைக் குறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை, இரண்டு மணி நேரம் காவல் காத்துவிட்டுக் காற்றோடு போய்விடும். மறுபடி பூசினால் மறுபடி இரண்டு மணி நேரம். இதைத்தானே சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு என்ற ஒரு எண். இரண்டை ஆறாக்கியது எண்ணெய் இல்லை.

எதனால் ஆறானது என்று நினைக்கப் போனால் மனசு நேராகப் போவதில்லை, முதலில் புடவைக்குப் போகிறது. நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை, கைக்குப் பொருத்தமாக ரவிக்கைக் கை குட்டையாகத் தைத்திருந்தாள். குட்டையாகத் தைத்தது தப்பு. இல்லை, அதுவா தப்பு? அதற்கு முந்திய வருஷம் ஒரு புதுமனை புகுவிழாவில் தாம்பாளத்தை நீட்டியபோது ஒரு அம்மாள் அவள் கையைப் பார்த்துவிட்டுக் குங்குமம் எடுக்காமலே நெற்றியைத் தொட்டுக்கொண்டு போனாள். பின்னால், "என்னடி அது, சொறியா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. கை முழுக்கத் தடிப்பு, வேலை அப்படி, யாரிடம் விளக்குவது. அதனால் போன ஆனியில், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், சோதனை ஆரம்பிக்கும் முன் வெறுங்கை விடவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது. விதி என்ன? எதையும் பூசாத கையை முதலில் அரை நிமிஷம் கூண்டுக்குள் விட வேண்டும். பத்துக் கொசுவாவது வந்து உட்கார்ந்தால்தான் அவை பசியோடு இருக்கின்றன, சோதனையைத் தொடங்கலாம். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட பத்துக்குக் குறைந்ததில்லை. குறையப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றுக்காக எதற்குக் கையைப் புண்ணாக்கிக்கொள்வது? "பதினஞ்சு மேடம்" என்றாள். வினோதினி அப்போது போனில் இருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் பதினைந்து என்று எழுதிக்கொண்டாள். அடுத்த நாள் தாம்பாளத்தை நீட்டிய கை வழவழவென்று இருந்தது. இரண்டு பேர் வளையலைத் தொட்டுப் பார்த்துப் பேசினார்கள். அந்த மத்தியானம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"ஒரு நிமிஷம். ஒண்ணும் இல்லையேக்கா?" "இல்லை மேடம்." இல்லைதான். கொசுக்கள் வலையின் மூலையில் சுற்றுகின்றன, கைக்குப் பக்கத்தில் வருகின்றன, நொச்சி வாடைக்கு விலகுகின்றன, விலகும் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் ஒரு சாண் தள்ளிப் போனவை இப்போது நாலு விரலுக்குள் திரும்புகின்றன. பழகிய கண்ணுக்குத் தெரியும். பழகிய கண் அன்றைக்கு எங்கே போயிருந்தது? முட்டைக்கு வைத்த கூண்டும் சோதனைக்கு வைத்த கூண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து, அன்று அவள் மாற்றி எடுத்தது முட்டைக் கூண்டை. முட்டைக் கூண்டுக்கு அன்று காலையில்தான் முயலை வைத்து ரத்தம் கொடுத்திருந்தார்கள். வயிறு சிவக்கக் குடித்த கொசு, ஆனால் சிவப்பு பல்பின் கீழ் சிவந்த வயிறு தெரியாது. தெரியாது என்பது பாதி உண்மை. உப்பியிருந்தது தெரிந்திருக்கும், குனிந்து பார்த்திருந்தால். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பூக்காரியிடம் எத்தனை முழம் சொல்லியிருந்தோம் என்று யோசித்தாள். ஆறு மணி நேரம் ஒரு கொசுகூட எண்ணெய்க் கையில் உட்காரவில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் எந்த இலையில் உட்காருவார்கள்? வினோதினி கைதட்டினாள், கட்டிப்பிடித்துக்கொண்டாள், "நம்ம ஊர் நொச்சி ஜெயிச்சிருச்சுக்கா" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். மூன்றாம் நாள் கூண்டைக் கழுவ எடுத்தபோது ஈரத்துக்காக வைத்திருந்த கிண்ணத்தில் முட்டை. கறுப்பாக, பொடிப் பொடியாக, தண்ணீர் மேல் மிதந்துகொண்டு. ரத்தம் குடிக்காத கொசு முட்டையிடாது, இது இங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். எவ்வளவு நேரம் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று ஞாபகம் இல்லை. பிறகு செய்தது ஞாபகம் இருக்கிறது. கெட்டிலில் வெந்நீர் வைத்து, கிண்ணத்தில் ஊற்றி, அதை அப்படியே சாக்கடைத் துளையில் கவிழ்த்து, கிண்ணத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தாள். முதல் தப்பு சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம், அலங்கார ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பேர்? அந்த மாசம் நிரந்தர வேலைக்கான பட்டியல் போயிருந்தது, அவள் பேர் அதில் இருந்தது. இன்னும் எத்தனை பேர் கையில் இந்த எண்ணெயைப் பூசிச் சோதிக்கப்போகிறார்கள், எங்கேயாவது சரியாகிவிடும் என்று நினைத்தாள். எதுவும் சரியாகவில்லை. பாட்டிலுக்கு லேபிள் வந்தது, லேபிளில் பச்சை எழுத்தில் ஆறு மணி நேரம் என்று வந்தது.

அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. புரட்டாசியில், சங்குமுனையில், வலை உலர்த்தும் இடத்தில் ஜெனோவா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறாம் மாசம், வயிறு அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. "அக்கா, நீங்க ரெண்டையும் பூசிப் பாத்தவுக. எதுக்கா நல்லது? அந்தக் கிரீம் வாடைக்கு எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. நம்ம எண்ணெயே போதுமா?" எவ்வளவு நேரான கேள்வி. கிரீம் ஆறு, எண்ணெய் இரண்டு, அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எண்ணெயைத் தடவிக்கோ கண்ணு, கொசுவலை கட்டிப் படுக்கிற வரைக்கும் விடாதே. பதினஞ்சு வார்த்தை இருக்குமா? வினோதினி நாலடி தள்ளி நின்று பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். புஷ்பலதா அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. சாயங்காலம் ஒருதரம் பூசுனாப் போதும்." ஜெனோவா தலையாட்டினாள். படிக்கிற பிள்ளை தலையாட்டுவது மாதிரி, ஒரு தடவை சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு. ஆறு மணிக்குப் பூசுவாள், படகு வந்ததும் கரையில் மீன் பிரிக்க உட்காருவாள், எட்டரைக்கும் ஒன்பதுக்கும் கரையில்தான் இருப்பாள், பத்து மணிக்குத்தான் கொசுவலைக்குள் போவாள். எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை. அந்த இரண்டு மணி நேரத்தைப் புஷ்பலதா தன் வாயால் திறந்துவிட்டாள். இங்கே கூண்டில் வளர்கிற கொசுக்கள் நோயில்லாதவை, கடித்தால் அரிப்பு, மஞ்சள் பூசினால் போய்விடும். அங்கே கடித்தது அப்படி இல்லை. ஐப்பசியில் குளிர்காய்ச்சல், ஏழாம் மாசம், அரசு ஆஸ்பத்திரியில் நாலு நாள். குழந்தை வயிற்றிலேயே அடங்கிப்போய்விட்டது.

"ரெண்டு நிமிஷம்." புஷ்பலதா ஆஸ்பத்திரிக்குப் போனாள், போகாமல் இருக்கவில்லை, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனாள். ஆரஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஜெனோவா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மிக்கேலம்மா, "நீயாவது வந்தியே தாயி" என்று அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு இவளும் அழுதாள், அழுகை பொய்யில்லை, ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு மூலையில், யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. செய்ததைவிட, அழுதுகொண்டே கணக்குப் போட்டது. இப்போதும் என்ன செய்கிறாள்? இதோ ஒன்று வந்துவிட்டது. மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி நிற்கிறது. இந்த வெளிச்சத்தில் வினோதினிக்குத் தெரியாது, கை விடுகிறவர் சொன்னால்தான் எண்ணிக்கை. பூஜ்யம் என்று சொல்லிவிடலாம். இன்னும் மூன்றரை மணி நேரம், ஏழு தடவை கை விட வேண்டும், ஏழு தடவையும் பூஜ்யம். தடிப்பை உறைக்கு மேல் துணி சுற்றி மறைத்துக்கொள்ளலாம். குழுவும் தப்பிக்கும், மிக்கேலம்மாவும் தப்பிப்பாள், வினோதினி மறுபடி கட்டிப்பிடித்துக்கொள்வாள், எல்லோருக்கும் நல்லது. நல்லது நல்லது என்று ஓடிய நினைப்பு பதினோரு குப்பங்களில் போய் முட்டி நின்றது. பதினோரு கரையிலும் மீன் பிரிக்கிற பெண்கள். சாயங்காலம் ஒருதரம் பூசினாப் போதும் என்று யாரோ சொன்னதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டவர்கள். சுருக்கென்றது. இரண்டாவது ஒன்று முழங்கைப் பக்கம். முதலாவது குடித்துக்கொண்டிருக்கிறது, வலி ஒன்றும் பெரிசில்லை, ஆனால் கை தானாகப் பின்னுக்கு இழுத்ததில் கூண்டின் சட்டம் கடகடத்தது.

"என்னக்கா? கடிக்குதா?" என்றாள் வினோதினி. "கடிக்குது மேடம். ரெண்டு. மூணாவதும் உக்காந்திருச்சு." சொன்னவுடன் கையை உருவி எடுத்துத் துணிக்குழாயை முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழவில்லை, இரண்டு தடவை நழுவியது. வினோதினி பெருமூச்சுவிட்டாள். "ரெண்டரை மணி நேரம். ஆறு எங்க, ரெண்டரை எங்க. அந்தம்மா மாதா மேல ஆணையடிச்சதை நான் கிட்டத்தட்ட நம்பிட்டேன்க்கா, தெரியுமா?" "நம்புங்க மேடம்." "என்ன?" புஷ்பலதா சொன்னாள். நின்று நின்று, பின்னாலிருந்து முன்னால் வந்தது பேச்சு, முதலில் சாக்கடைத் துளை, அப்புறம் முட்டை, அப்புறம் கூண்டு மாறியது, கடைசியில்தான் வெறுங்கை. "அன்னைக்கு நான் வெறுங்கை விடலை. பதினஞ்சுன்னு சும்மா சொன்னேன். மறுநாள் விசேஷம், கை நல்லா இருக்கணும்னு." அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது, கொசுக்கடிக்குப் பயந்தேன் என்பதைவிட அது ரொம்பக் கேவலமாக இருந்தது. வினோதினி ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. அவள் கோபப்படவில்லை. "இது நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்க்கா" என்றாள் மெதுவாக. பிறகு, "அவங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நான் யோசிக்கணும். எப்படி எழுதுறதுன்னு யோசிக்கணும்" என்றாள். இந்தப் பெண்ணையும் தன்னைப்போல ஆக்கிவிட்டோமே என்று புஷ்பலதாவுக்குப் பயம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, மேலே இருப்பவர் சொன்னதற்குச் சரி என்று சொல்லாமல் கதவைத் திறந்தாள்.

வெளிச்சம் கண்ணில் அடித்தது. உறையைக் கழற்றவில்லை, கையில் மூன்று தடிப்பும் எழும்பி நின்றன. பெஞ்சில் மிக்கேலம்மா பாட்டில் இருந்த பையை மடியில் வைத்திருந்தாள், ஜெனோவா பக்கத்தில், இரண்டு மாசத்தில் பாதியாக இளைத்துப்போய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று நினைத்தால் திரும்பி உள்ளே போய்விடுவோம் என்று தெரிந்து, உட்காராமல், நின்றபடியே சொன்னாள். எண்ணெயில் குற்றம் இல்லை. யாரும் எதையும் கலக்கவில்லை. அது எப்போதும் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், ஆறு என்று சொன்னது பொய், அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். "புரட்டாசியில நீ கேட்டப்ப எனக்குத் தெரியும் ஜெனோவா. தெரிஞ்சுதான் ஒருதரம் போதும்னு சொன்னேன்." அறைவாள் என்று எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள், என் பிள்ளையைக் கொடு என்பாள். அதற்கெல்லாம் தலையைக் குனிந்து நிற்க மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஜெனோவா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த முகத்தில் வந்ததைப் பார்த்துப் புஷ்பலதாவுக்கு முதலில் விளங்கவில்லை, அது சந்தோஷம். "அப்ப நான் தடவுனது சரிதானாக்கா?" என்றாள் ஜெனோவா. பதிலுக்குக் காத்திராமல் மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, கேட்டீகளா? நான் சோம்பேறித்தனம் பண்ணலை. ஒழுங்காத்தான் தடவியிருக்கேன். நீகதான் தெனம் தெனம் சொன்னீக, ஒழுங்காத் தடவாம பிள்ளையத் தொலைச்சவன்னு." மிக்கேலம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஜெனோவா எழுந்து வந்து, ரப்பர் உறை போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருதரம் சொல்லுங்கக்கா. அத்தைக்குச் சரியாக் கேக்கலை."

புஷ்பலதா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.